ஹம்பின் மேல் ஓர் ஆட்டத்திவசம்

கணவன் செத்துப்போனால் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆலோசகர்களாகிவிடுவார்கள். யோகாவுக்குப் போ என்றார்கள். பூனை வளர் என்றார்கள். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இரு என்றார்கள். ஒருவர் காளான் வளர்க்கச் சொன்னார். (அவர் காளான் வளர்க்கும் பெட்டி விற்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.) ஆனால் ஒருவர்கூட, "உன்ரை மனுசன் விட்டிட்டுப் போன மசில் காரின்ரை ஸ்பிரிங்கை மாத்தி, அதை நிலத்தோடை பதிச்சுப்போடு" என்று சொல்லவில்லை. அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. அதற்காக வேறு எவரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் இன்றுவரை இருக்கிறேன்.

என் கணவர் சிறி, லண்டனில் பஸ் ஓட்டியவர். மாடி பஸ். ஓய்வு கிடைக்கச் சில வருடங்கள் இருக்கும்போது, ஒரு நாள் வேலைக்குப் போன மனிதர் பழைய அமெரிக்க மசில் கார் ஒன்றோடு திரும்பி வந்தார். கறுப்பு நிறம், இரண்டு கதவு, லண்டன் ரோட்டுக்காக வலப்பக்கம் மாற்றிய ஸ்டியரிங், எட்டு சிலிண்டர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு நாலு சிலிண்டர் எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டினார். நோர்பரியில் எங்கள் தெருவில் இருந்த அத்தனை நாய்களும் பதில் சொல்லின.

அந்தக் காரில் அவருக்கு ஒரே ஒரு குறை. டயருக்கும் அதற்கு மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடவாம். நாலு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். "வதனி, வாழ்க்கை முழுக்க உயரத்திலை இருந்து மற்றவையின்ரை மண்டையைப் பாத்து ஓடியாச்சு. இனி ஒருக்காப் பதிவா இருந்து ஓடவேணும்" என்பார். சனிக்கிழமைகளில் அந்தக் காரை எடுத்துக்கொண்டு தன் அக்கா புவனேஸ் மச்சாள் வீட்டுக்குப் போவார். மச்சாள் வீட்டு பொயிலர் பழுது. மூன்று வருடமாக அந்த பொயிலர் சனிக்கிழமை மட்டும் பழுதாகிக்கொண்டே இருந்தது. நானும் நம்பிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு மார்கழிக் காலையில், ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. அதை இந்தக் கட்டுரையில் இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று வீடு நிறையச் சனம். நான் ஒரு மூலையில் இருந்தேன். புவனேஸ் மச்சாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவன்ரை சாப்பாட்டிலை இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சோற்றுச் சட்டியைப் பார்த்துச் சொன்னார். உப்பைக் குறைக்க டொக்டர் சொன்ன நாளில் இருந்து அந்த வீட்டில் உப்புப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. என் நாக்கும் அவரோடு சேர்ந்து உப்பை மறந்திருந்தது. அந்த என்னைப் போய்ச் சொன்னார்! அன்றிலிருந்து எனக்கும் மச்சாளுக்கும் கதை இல்லை.

ஸ்பிரிங் பெட்டி வந்தது அதற்குப் பிறகுதான். அவர் எனக்குச் சொல்லாமல் ஓடர் கொடுத்திருக்கிறார். சாமான் அமெரிக்காவில் இருந்து மெதுவாக வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவருடைய பெயரைச் சொல்லி, "இருக்கிறாரா?" என்று கேட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். பெட்டி கொரிடோரில் இருந்தது. அதைத் தூக்க எனக்குப் பலம் இல்லை, திறக்க மனம் இல்லை. போகவர என் கால் சின்னவிரல் அதில் இடிக்கும். "சிறி, உங்கடை சாமானை எடுங்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு நானே வாயை மூடிக்கொள்வேன். அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே வசனம் அதுவாக இருந்த நாட்களும் உண்டு.

ஆட்டத்திவசம் நெருங்கியது. வருடத் திவசத்துக்கு ஆட்கள் தானம் கொடுப்பார்கள், அன்னதானம் செய்வார்கள். எனக்கோ ஒரே எண்ணம்: அந்தப் பெட்டியில் இருப்பது காரில் ஏறவேண்டும், அவருடைய திவசத்துக்கு அவருடைய காரில், அவர் ஆசைப்பட்ட உயரத்தில் போகவேண்டும். (உயரம் என்பது பிழையான சொல். பள்ளம் என்று வையுங்கள்.)

குரோய்டன் பக்கத்தில் ஒரு கராஜ். வைத்திருந்த தம்பி ஜேர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தவர். பெட்டியைத் திறந்ததும் கோயில் கதவு திறந்த மாதிரி நின்றார்.

"அக்கா, இது நல்ல சாமான். ஆர் வாங்கினது?"

"அவர்தான்."

"அண்ணைக்கு நல்ல டேஸ்ட். அண்ணை வரேல்லையோ?"

"இல்லை. வரமாட்டார்."

"வேலையோ?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தத் தம்பியின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

"வேலை முடிய ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்கோ. மயங்கி விழுவார்."

அடுத்த நாள் போனபோது கார் படுத்திருந்தது. நின்றது என்று சொல்லமுடியாது. டயர் பாதி தகட்டுக்குள் போயிருந்தது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. பாயப்போகிற மிருகம் ஒன்று பதுங்குகிற வடிவு. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விடவேண்டிய இடம் அது. ஒருவரும் விடவில்லை.

"ரோட்டிலை ஹம்ப் வந்தால் நேரை ஏறாதேங்கோ அக்கா" என்றார் தம்பி. "சரிச்சு ஏறுங்கோ. ஒரு சில்லு ஏறி, பேந்து மற்றச் சில்லு. அதோடை பாரம் கனக்க ஏத்தாதேங்கோ."

ஹம்ப் என்றால் வேகத்தைக் குறைக்கத் தெருவுக்குக் குறுக்கே தாரால் போட்டு வைக்கிற மேடு. எங்கள் பகுதியில் கவுன்சில் அதை விதைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சக்கரமாகச் சரித்து ஏறவேண்டும் என்பதை மனதில் எழுதிக்கொண்டேன். பாரம் பற்றிச் சொன்னதை, திவசச் சமையலுக்கு என்ன வாங்குவது என்ற யோசனையில் விட்டுவிட்டேன்.

திதி ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் எடுத்திருந்தோம். மகன் நிரூபன் மான்செஸ்டரில் இருந்து மனைவியோடு நேரே அங்கே போய்விட்டான். ஐயரும் வந்துவிட்டார். நான் விடியத் தொடங்கிச் சமைத்ததை எல்லாம் காரில் ஏற்றினேன். சோற்றுச் சட்டி, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயச வாளி. பின்சீட்டில் ஆள் இருக்க இடமில்லை, சட்டிகள் இருந்தன. அப்போது நிரூபன் போன் எடுத்தான்.

"அம்மா, மாமியை பிக்கப் பண்ணேலுமா? அவவின்ரை மகனுக்கு ஷிப்ட் சேஞ்ச் ஆயிட்டுதாம்."

"டக்சியிலை வரட்டன்."

"அம்மா. பிளீஸ். அப்பாவின்ரை திவசம்."

போனேன். புவனேஸ் மச்சாள் வெள்ளைச் சேலையில், கையில் மல்லிகைப்பூச் சரத்தோடு வாசலில் நின்றார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இது பஞ்சரோ?"

"இல்லை. இப்பிடித்தான்."

மச்சாள் உயரமும் அகலமும் சரிசமமாக அமைந்தவர், அதோடு முழங்கால் வருத்தம். காருக்குள் இருப்பதற்கு முதலில் முதுகைக் காட்டி நின்றார். பிறகு கண்ணை மூடினார். பிறகு விட்டுவிட்டார். கிணற்றுக்குள் வாளி போகிற மாதிரி ஒரு நீண்ட பயணம். இருக்கையைத் தொட்டதும், "ஐயோ முருகா" என்றார். கார் இன்னும் ஒரு அங்குலம் இறங்கியது.

இரண்டு பேரும் கதைக்கவில்லை. பின்னால் பாயச வாளி மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தது. மண்டபம் மூன்று தெரு தள்ளித்தான். நாங்கள் நுழைந்த தெருவின் நடுவில் ஒரு ஹம்ப். சாதாரண ஹம்ப் இல்லை, கவுன்சில் மனமுவந்து போட்டது. எனக்குத் தம்பி சொன்னது நினைவு வந்தது. சரித்து ஏறவேண்டும். காரை இடப்பக்கம் வளைத்து, நடைபாதையை ஒட்டி, ஒரு சில்லை ஏற்றினேன். மற்றச் சில்லையும் ஏற்றினேன். மிகச் சரியாகச் செய்தேன். அந்தப் பெருமையில் அக்சிலரேட்டரை விட்டுவிட்டேன்.

கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய கிழவர் ஒருவர் கட்டிலில் உட்காருகிற சத்தம். அத்தோடு கார் உட்கார்ந்துவிட்டது. வயிறு மேட்டில், சில்லுகள் அங்கும் இங்கும். கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். பின்சில்லு இரண்டும் சுற்றிப் புகை விட்டன. எட்டு சிலிண்டரும் வேலை செய்தன, கார் அசையவில்லை.

"என்ன, வந்திட்டமோ?" என்றார் மச்சாள்.

"இல்லை மச்சாள். நீங்கள் ஒருக்கா இறங்கினால் பாரம் குறையும்."

மச்சாள் கதவைத் திறந்தார். அந்தக் காரின் கதவு நீளமானது. நடைபாதையின் விளிம்பு உயரமானது. கதவின் அடி போய் அந்தக் கல்லில் இறுகிக்கொண்டது. ஒரு கை போகிற அளவுக்குத் திறந்தது, ஆனால் ஒரு கை மட்டும் இறங்கி என்ன செய்ய? மச்சாள் இறங்கினால்தான் கார் எழும்பும். கார் எழும்பினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் மச்சாள் இறங்கலாம். நான் என் பக்கத்தால் இறங்கிப்போய் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்தேன். எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அதே விஷயம்தான்.

"என்ரை பக்கத்தாலை வாங்கோவன் மச்சாள். கியரைத் தாண்டினால் சரி."

மச்சாள் கியரைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். "வதனி, எனக்கு அறுபத்தெட்டு வயசு" என்றார். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜமெய்க்கன் அம்மா, பூப்போட்ட கவுனோடு, கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து சேர்ந்தார். குனிந்து, இன்னும் குனிந்து, கண்ணாடிக்குள்ளே பார்த்தார். மடியில் மல்லிகைச் சரத்தோடு, நேராக முன்னால் பார்த்தபடி மச்சாள்.

"ஓ டார்லிங்! ஆர் யூ ஸ்டக்?" என்று கேட்டார் அந்த அம்மா.

மச்சாள் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த அத்தனை ஆங்கிலத்தையும் அத்தனை மரியாதையையும் ஒன்றுசேர்த்துச் சொன்னார்:

"நோ. ஐ ஆம் சிட்டிங்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் தேநீரைக் கண்ணாடி இடைவெளியால் மச்சாளிடம் கொடுத்துவிட்டு, யாரையாவது கூட்டிவருகிறேன் என்று போனார்.

போன் அடித்தது. நிரூபன். "அம்மா, எங்கை? ஐயருக்கு இதுக்குப் பிறகு வேறை இடம் இருக்காம். வெயிட் பண்ணேலாதாம்."

விஷயத்தைச் சொன்னேன். அவன் நடந்து வந்து கூட்டிப்போகிறேன் என்றான். திவசம் செய்கிறவனே எழும்பி வரக்கூடாது என்று ஐயர் பின்னால் சத்தம் போடுவது கேட்டது. "அம்மா, நீங்களாவது நடந்து வாங்கோ" என்றான். நான் காருக்குள் பார்த்தேன். மச்சாள் முன்னால் பார்த்தபடியே இருந்தார். ஆனால் தேநீரை வாயில் வைக்கவே இல்லை. அவரைத் தனியே அந்தப் பள்ளத்துக்குள் விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

"போனை அங்கை வை நிரூ. நாங்கள் இங்கை இருந்து கேக்கிறம்."

திரும்ப வந்து என் இருக்கையில் இருந்தேன். போனை இருவருக்கும் நடுவில் வைத்தேன். என் கணவருடைய ஆட்டத்திவசம் இப்படித்தான் நடந்தது: நோர்பரியில் ஒரு தெருவில், ஹம்பின் மேல், போனுக்குள். ஐயர் மந்திரம் சொன்னார். அவருடைய பெயரைச் சொன்னார். "எள்ளுந் தண்ணியும் விடுங்கோ" என்றார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவர் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. எங்களைச் சுற்றிக்கொண்டு ஒரு டெலிவரி வான் ஹோர்ன் அடித்தபடி போனது.

மச்சாள் திடீரென்று சொன்னார். "பொயிலர் பழுதில்லை."

"என்ன?"

"என்ரை பொயிலருக்கு ஒண்டுமில்லை. ஒரு நாளும் ஒண்டுமில்லை. அவன் சாப்பிடத்தான் வாறவன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மட்டன் ரோல்ஸ். எண்ணெயிலை பொரிச்சது. உப்பு, உறைப்பு எல்லாம் போட்டு. அக்கா, வதனிக்குச் சொல்லாதை எண்டு கெஞ்சுவான். நான்தான் குடுத்தனான். அண்டைக்கு எட்டுச் செலவிலை உன்னைச் சொன்னது... ஆரும் என்னைக் கேட்டிடுவினமோ எண்ட பயத்திலை முந்திச் சொன்னது."

போனுக்குள் ஐயர் பிண்டத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று நிரூபனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பசி வந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இந்த மனுசியிடம் இருக்கிறது. மூன்று வருடச் சனிக்கிழமைகள் இருக்கின்றன. எனக்கு அது முழுக்க வேண்டும்போல் இருந்தது.

"எத்தினை ரோல்ஸ் சாப்பிடுவார்?"

"ரெண்டு. சிலநேரம் மூண்டு."

"என்ன கதைப்பார்?"

"எல்லாம் இந்தக் காரைப் பற்றித்தான். பதிக்கப்போறன், பதிக்கப்போறன் எண்டு. வதனி விடமாட்டாள், ஒளிச்சுத்தான் செய்யவேணும் எண்டு சொன்னவன்."

"நான் விட்டிருப்பன் மச்சாள்" என்றேன். "என்னட்டை அவர் கேக்கவே இல்லை."

சொல்லும்போது குரல் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மச்சாள் தன் கையை எடுத்து என் கைமேல் வைத்தார். அந்தக் காரில் அவரால் நகர்த்தக்கூடியதாக இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

போனில் மணி அடித்து ஓய்ந்தது. "முடிஞ்சுது. இனிச் சாப்பிடலாம்" என்றார் மச்சாள். எட்டிப் பின்னால் இருந்து ஒரு வடையை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். நிதானமாகச் சப்பினார்.

"வதனி, உப்பில்லை."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கி, வயிற்றில் ஏதோ கழன்று விழுந்தது.

ஜமெய்க்கன் அம்மா கூட்டிவந்தது கவுன்சில் குப்பை லொறியை. செம்மஞ்சள் உடுப்பில் நாலைந்து தடியன்கள். காரின் அடியைப் பார்த்தார்கள், மச்சாளைப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். முதலில் சட்டிகளை இறக்கினார்கள். சோறு, குழம்பு, பருப்பு எல்லாம் அந்த அம்மாவின் மதிலில் வரிசையாக ஏறின. பிறகு பின்பக்கத்தைப் பிடித்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே நின்று தள்ளினேன். "வன், டூ..." என்று ஒருவன் எண்ண, "த்ரீ" வருகிற இடத்தில் உள்ளே இருந்து மச்சாள், "அரோகரா!" என்றார். கார் எழும்பியது. மச்சாளோடு சேர்ந்துதான் எழும்பியது. மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மெல்ல இறங்கியது. குப்பைக்காரர்கள் கை தட்டினார்கள். ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தேன். ஒருவரும் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சைலன்சர் பாதி அந்த ஹம்பிலேயே தங்கிவிட்டதால் நாங்கள் மண்டபத்துக்கு வந்த சத்தம் நாங்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. நிரூபன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றான். ஐயர் போய்விட்டார். சனம் பசியோடு இருந்தது. மச்சாளை வெளியே எடுக்க நிரூபனும் மருமகளும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். "மாமி, ஸ்டக்கா?" என்று அவன் கேட்க, மச்சாள் தான் சொன்னதைத் திரும்பச் சொன்னார். துக்கவீட்டு முகத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கதை அன்றே மான்செஸ்டருக்கும், அடுத்த நாள் ரொறன்ரோவுக்கும், அதற்கடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

சைலன்சரைக் கராஜ் தம்பி ஒட்டித் தந்தார். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். அது எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதாம். "அண்ணை பாத்தவரோ? என்ன சொன்னவர்?" என்று கேட்டார். இந்தமுறை உண்மையைச் சொன்னேன். பாவம், அந்தத் தம்பி அழுதுவிட்டார். நான்தான் தேற்றினேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் "சிட்டிங்" என்பது ஒரு வார்த்தை. நிரூபனுக்கு வேலை போய் வீட்டில் இருந்த காலத்தில், எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னான். மச்சாளுக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்தபோது நேர்சுக்கும் அதையே சொல்லி, நேர்ஸ் அதைச் சரியாக எழுதிக்கொண்டும் போனார்.

ஞாயிறு பின்னேரங்களில் நிரூபன் போன் எடுப்பான். அந்த நேரத்தில் வீடு மிகவும் அமைதியாக இருக்கும். ஃபிரிட்ஜ் மட்டும் இடைக்கிடை ஏதாவது சொல்லும். "அம்மா, ஆர் யூ ஓகே? தனியா இருந்து யோசிக்கிறீங்களோ?" என்று கேட்பான்.

"நோ. ஐ ஆம் சிட்டிங்" என்பேன்.

அவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். போனை வைத்த பிறகு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, இன்னும் கொஞ்ச நேரம் அதே இடத்தில் இருப்பேன்.